மாத்திரைக்குள் குடியிருக்கும் தண்ணீர்

(நாகர்கோவிலில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது)

மக்களே, வெளியே ஆனிச் சாரல். புத்தளம் உப்பளத்துக் கல்லுப்பைப் பரணியில் திறந்து வைத்தால் இரண்டு நாளில் நீர்விட்டு நிற்கும். ஆனால் சோடியம் குளோரைடின் படிக அடுக்கில் தண்ணீருக்கு இடமே கிடையாது. கூடவே ஒட்டிவரும் மெக்னீசியம் குளோரைடுதான் காற்றின் ஈரத்தை இழுக்கிறது.

சரி, இப்போது அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தின் கேப்சூல் அட்டையைப் பாருங்கள். ‘டிரைஹைட்ரேட்’ என்று போட்டிருக்கும். ஒரு மருந்து மூலக்கூறுக்கு மூன்று நீர் மூலக்கூறு என்று அர்த்தம். உள்ளே இருப்பது உலர்ந்த பொடிதான், கை ஈரமாகாது. ஆனாலும் அந்தப் படிகத்தின் எடையில் ஏறத்தாழ 13 சதவீதம் தண்ணீர்!

அது எப்படி ஒழுகாமல் நிற்கிறது? ஹைட்ரஜன் பிணைப்பால், அதாவது ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜன் பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜன் போன்ற அணுவை மெல்லப் பற்றும் இழுப்பால். நம் கட்டுமரத்துக்கு ஆணி கிடையாது, கயிறுதான். இதுவும் அப்படிப்பட்ட கயிற்றுக்கட்டு. நீருக்குள் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் பிணைந்திருக்கும் பலத்தில் சுமார் இருபதில் ஒரு பங்குதான் இதற்கு. ஒரு நீர் மூலக்கூறு தன் இரண்டு ஹைட்ரஜனால் இரண்டு கட்டுப் போடும். ஆக்சிஜன் பக்கம் இன்னும் இரண்டை ஏற்கும். பனிக்கட்டியில் நான்கும் நிறைந்து அறுகோண வளையங்கள் உருவாகின்றன. மற்ற படிகங்களில், விருந்தாளியாக வந்த தண்ணீர் கிடைத்த இடத்துக்குத் தக்கபடி வளையமாகவோ சங்கிலியாகவோ தனியாகவோ அமர்கிறது. (படிகத்துக்குள் அணுக்கள் எங்கே இருக்கின்றன என்று எலக்ட்ரானை வைத்துப் பார்க்கும் எக்ஸ்-கதிருக்கு இந்த ஹைட்ரஜன் சரியாகத் தெரியாது, ஹைட்ரஜனிடம் இருப்பது ஒரே எலக்ட்ரான். நியூட்ரான் கற்றை வேண்டும்.)

எனக்கு இதில் பிடித்தது, உட்காரும் விதம்தான் போகும் நேரத்தையும் முடிவு செய்கிறது என்பது. மாத்திரைகளில் நிரப்பியாகச் சேர்க்கும் லாக்டோஸ் மோனோஹைட்ரேட்டை (ஒரு பால் சர்க்கரை மூலக்கூறுக்கு ஒரு நீர்) எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நீரும் தனித்தனி அறையில், சுற்றிலும் சர்க்கரை மூலக்கூறுகளோடு கட்டுண்டு கிடக்கிறது. சுமார் 140 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால்தான் இடத்தைக் காலி செய்யும். காஃபீன் ஹைட்ரேட், அதாவது நீர் சேர்ந்த காஃபீன் படிகம், நேர் எதிர். அங்கே தண்ணீர் சங்கிலியாகக் கோத்து, படிகத்தின் நீளவாக்கில் ஓடும் கால்வாயில் நிற்கிறது. கால்வாய்க்கு வாய் திறந்தே இருக்கிறதே! உலர்ந்த காற்றில் வைத்தால் போதும், நீர் கிளம்பிவிடும். பட்டுபோல மினுங்கிய ஊசி வடிவப் படிகங்கள் சுண்ணாம்பாய் வெளுக்கும். ஊசி வடிவம் மட்டும் அப்படியே மிஞ்சும்.

சாயா வந்துவிட்டது. அதிலும் காஃபீன் உண்டு, ஆனால் கரைந்த நிலையில். ஊசியைத் தேடாமல் குடியுங்கள்.