ஏழடி அகலத்தில் ஒரு வீடு

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நானும் என் மனைவியும் இங்கிலாந்துக் கால்வாய்களில் ஒரு படகில் குடியிருக்கிறோம். இது ஏழாவது வருடம். வேறு வீடு எங்களுக்குக் கிடையாது. இதைக் கேள்விப்படுகிற நம் பிள்ளைகள், அதிலும் லண்டனுக்குப் புதிதாக வேலைக்கு வந்தவர்கள், என்னைப் பார்த்ததும் கேட்பது ஒரே கேள்விதான்: "அங்கிள், சம்பளத்தில் பாதி வாடகைக்கே போகிறது. பேசாமல் நாங்களும் ஒரு படகு வாங்கிவிடலாமா?" இதற்கு வாசலில் நின்றபடி பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் இங்கே பேச அழைப்பு வந்ததும், இதைப் பற்றியே பேசுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

முதலில் படகு. இந்த வகைக்கு நேரோபோட் என்று பெயர். எங்களுடையது 57 அடி நீளம், 6 அடி 10 அங்குல அகலம். ஒன்றரைப் பேருந்து நீளம் இருக்கும். அகலமோ பேருந்தை விடக் குறைவு. உள்ளே நடுவில் நின்று கைகளை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் விரல் நுனிக்கு எட்டிவிடும். முன்னால் கரி அடுப்பும் இரண்டு நாற்காலியும், அடுத்து சமையல், அப்புறம் குளியலறை, பிறகு படுக்கை, கடைசியில் எஞ்சின். எல்லாம் ஒரே வரிசைதான். ஒருவர் தோசை வார்த்துக்கொண்டிருந்தால் மற்றவர் ஒருக்களித்துத்தான் தாண்டிப் போக வேண்டும்.

இந்த ஏழடிக் கணக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற பொறியாளரிடமிருந்து. 1761இல் பிரிட்ஜ்வாட்டர் பிரபுவின் நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து மான்செஸ்டர் பக்கம் கரி கொண்டுபோகக் கால்வாய் அமைத்தவர் அவர். அடுத்து 1766இல் டிரென்ட், மெர்சி ஆகிய இரண்டு ஆறுகளையும் இணைக்கும் கால்வாயைத் தொடங்கினார்கள். அதற்கு முன்னின்று பாடுபட்டவர் ஜோசையா வெட்ஜ்வுட், பீங்கான் செய்கிறவர். குண்டும் குழியுமான சாலையில் வண்டியில் போன பீங்கான் எந்த லட்சணத்தில் போய்ச் சேர்ந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தண்ணீரில் ஒரே ஒரு குதிரை கரையில் நடந்தபடி 25 டன் சரக்கை அலுங்காமல் இழுத்துப் போகும். ஆனால் வழியில் ஹேர்காசில் என்ற குன்றைக் குடைந்தாக வேண்டும். இரண்டரைக் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சுரங்கம். அகலமாகக் குடைய காசும் இல்லை, மேட்டு நிலத்தில் படகை ஏற்றி இறக்கும் தொட்டிகளை, அதாவது லாக்குகளை, அகலமாகக் கட்டி நிரப்பத் தண்ணீரும் இல்லை. ஏழடி போதும் என்று முடிவானது. அந்தக் கால்வாய் 1777இல் திறந்தபோது பிரிண்ட்லி உயிரோடு இல்லை, 1772லேயே போய்விட்டார். இரண்டரை நூற்றாண்டு கழித்து என் படுக்கையின் அகலத்தை அவர்தான் தீர்மானித்திருக்கிறார்.

பழைய படகுக்காரர்கள் கால்வாயைக் கால்வாய் என்று சொல்ல மாட்டார்கள். 'கட்' என்பார்கள். வெட்டியது என்று அர்த்தம். எனக்குச் சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். முதல் தடவை அந்த வார்த்தையைக் கேட்டதும் எங்கள் ஊர் வெட்டாறுதான் மனதில் ஓடியது.

லாக் என்று சொன்னேன் இல்லையா, அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். கால்வாய்த் தண்ணீர் தட்டையாகத்தான் நிற்கும். நிலம் ஏறி இறங்கும். ஏறுகிற இடத்தில், படகு நுழைகிற அளவுக்கு ஒரு செங்கல் தொட்டி கட்டி, இரண்டு முனையிலும் கதவு வைத்திருக்கிறார்கள். கீழே இருந்து வந்தால், தொட்டிக்குள் நுழைந்து பின்கதவைச் சாத்திவிட்டு மேல் மதகைத் திறக்க வேண்டும். தண்ணீர் கொப்பளித்து வந்து 57 அடி இரும்பை, உள்ளே இருக்கிற புத்தகம், அரிசி டப்பா எல்லாவற்றோடும் சேர்த்து, ஏழெட்டு அடி உயரத்துக்குத் தூக்கிவிடும். மின்சாரம் கிடையாது, மோட்டார் கிடையாது. ஒரு இரும்புக் கைப்பிடியைப் பல்சக்கரத்தில் மாட்டிச் சுற்ற வேண்டும். அதற்கு விண்ட்லாஸ் என்று பெயர். பிறகு கதவின் நீண்ட மரக்கட்டையில் முதுகைக் கொடுத்துத் தள்ள வேண்டும். எவ்வளவு தள்ளினாலும் முதலில் அசையாது. இரண்டு பக்கத் தண்ணீரும் சமமாகிற அந்த நொடியில் கட்டை முதுகில் லேசாக நெகிழும் பாருங்கள், ஏழு வருடமாகியும் எனக்கு அது அலுக்கவில்லை. ஒரு தடவை திறந்து மூடினால் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் கீழே இறங்கிவிடும். மேலே இருக்கும் நீர்த்தேக்கங்கள் வற்றினால் கால்வாய் மூடப்படும். 2025 கோடையில் லீட்ஸ் லிவர்பூல் கால்வாயில் அதுதான் நடந்தது.

லாக்கில் ஏறுவதை விட இறங்குவது ஆபத்து. மேல்கதவின் அடியில் தண்ணீருக்குள் ஒரு கல்படி நீட்டிக்கொண்டிருக்கும். அதை 'சில்' என்பார்கள். தொட்டி நிறைந்திருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. சுவரில் வெள்ளைக்கோடு போட்டிருப்பார்கள், படகின் பின்பக்கம் அந்தக் கோட்டைத் தாண்டி முன்னால் நிற்க வேண்டும். எங்கள் முதல் வருடம், நவம்பர் சாயங்காலம், இருட்டுவதற்குள் படகைக் கரையில் கட்டிவிடலாம் என்ற அவசரம். என் மனைவி கீழ்மதகைத் திறந்துகொண்டிருந்தாள். நான் படகில் நின்று கைபேசியில் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படகு மெதுவாகப் பின்னால் நகர்ந்ததை நான் கவனிக்கவில்லை. அடியில் ஒரு கரகரப்பு. அடுத்த நிமிடம் சமையலறையில் தட்டுகள் சரிகிற சத்தம். படகின் முன்பக்கம் கீழே போகிறது, பின்பக்கம் படியில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. கரையில் நாயோடு போய்க்கொண்டிருந்த ஒரு முதிய பெண்மணி "மதகை மூடு! மதகை மூடு!" என்று கத்தினார். என் மனைவி மூடினாள். அந்த அம்மா தன் பையிலிருந்தே ஒரு விண்ட்லாஸை எடுத்து மேல்மதகைத் திறந்து தொட்டியை மறுபடி நிரப்பினார். படகு மிதந்தது. இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால் முன்பக்கம் தண்ணீருக்குள் போய் முழுகியிருக்கும். இப்படி முழுகிய படகுகள் உண்டு, போன உயிர்களும் உண்டு. அன்றிலிருந்து லாக்குக்குள் கைபேசியை நான் எடுப்பதில்லை.

சரி, வாடகைக்கு வருகிறேன்.

படகில் குடியிருப்பதே வாடகைப் பிரச்சினையில் தொடங்கியதுதான். ஆரம்பத்தில் படகுக்காரர்களுக்குக் கரையில் வீடு இருந்தது. 1840களில் ரயில் வந்து சரக்கைப் பறித்துக்கொள்ள ஆரம்பித்ததும் கூலி விழுந்தது. கூலிக்கு ஆளும் வைக்க முடியாது, வீட்டு வாடகையும் கட்ட முடியாது என்று ஆனபோது, மனைவி மக்களைப் படகிலேயே ஏற்றிக்கொண்டார்கள். சரக்குக்கு இடம் விட்டது போக மிச்சம் இருந்தது பின்பக்கத்தில் பத்தடிக்கு ஏழடி அறை. அதில் அடுப்பு, மடக்குக் கட்டில், ஐந்தாறு பிள்ளைகள். அந்தப் பிள்ளைகள் ஒரே ஊரில் தங்காததால் பள்ளிக்கூடமே பார்க்கவில்லை. கோல்வில் ஊர் ஜார்ஜ் ஸ்மித் என்பவர் இவர்களுக்காக விடாமல் போராடியதால்தான் 1877இல் கால்வாய்ப் படகுச் சட்டம் வந்தது; படகைப் பதிவு செய்ய வேண்டும், ஒரு அறையில் இத்தனை பேர்தான் என்று வரம்பு வைத்தது. அந்தச் சின்ன அறையின் கதவிலும் தண்ணீர்க் குவளையிலும் ரோஜாவும் கோட்டையும் வரைந்து வைத்திருந்தார்கள். அருங்காட்சியகத்தில் அந்தக் குவளைகளைப் பார்க்கும்போது அழகு என்பதை விட, அதைத் தினமும் துடைத்து வைத்த கைதான் எனக்குத் தெரிகிறது.

1962-63 குளிர்காலத்தில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்து கிடந்தன. சரக்குப் படகுத் தொழில் அத்தோடு ஏறக்குறைய முடிந்தது. கால்வாய்களும் தூர்ந்து போயிருக்கும். 1946இல் உள்நாட்டு நீர்வழிச் சங்கத்தைத் தொடங்கியவர்களும், விடுமுறை நாளில் சேற்றில் இறங்கி மண்வெட்டி பிடித்த தன்னார்வலர்களும்தான் காப்பாற்றினார்கள். கென்னட் ஏவன் கால்வாய் 1990இல் மறுபடி திறந்தது. டிவைசஸ் ஊரில் குன்றின் மேல் 29 லாக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்பதை அவசியம் பாருங்கள். இன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 2,000 மைல் நீர்வழியைக் கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை 2012 முதல் பராமரிக்கிறது. அரசு அதற்குக் கொடுக்கும் மானியம் 2027 முதல் படிப்படியாகக் குறையப் போகிறது. இருநூறு வருடக் கரைகளும் கதவுகளும் எப்படி நிற்கும் என்ற கவலை எங்கள் எல்லோருக்கும் இருக்கிறது.

படகை வாங்கலாம். அதைக் கரையில் கட்டி நிறுத்தும் இடத்தை அதோடு சேர்த்து யாரும் தர மாட்டார்கள், இதுதான் பலருக்குத் தெரிவதில்லை. நிரந்தரமாகக் கட்ட ஒரு இடம் வாடகைக்கு எடுக்க வேண்டும். லண்டனில் அது கிடைப்பதே அரிது. இடம் இல்லையென்றால் 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்காமல் பயணம் செய்துகொண்டே இருக்க வேண்டும். நாங்கள் அப்படித்தான். இரண்டு லாக் தாண்டிக் கட்டிவிட்டு மறுபடி திரும்பி வருவது பயணம் ஆகாது. நீங்கள் வேலை பார்க்கும் ரயில் நிலையத்துப் பக்கத்திலேயே வருடம் முழுவதும் இருக்க முடியாது. மணிக்கு 4 மைல்தான் உச்ச வேகம்; கட்டி நிற்கும் படகுகளைத் தாண்டும்போது அதிலும் பாதி. லண்டனிலிருந்து பர்மிங்காமுக்கு கிராண்ட் யூனியன் கால்வாயில் 137 மைல், 166 லாக். ரயிலில் ஒன்றரை மணி நேரம். எங்களுக்குப் பத்து நாள்.

செலவைச் சொல்கிறேன். எங்கள் நீளத்துக்கு ஆண்டு உரிமம் ஆயிரம் பவுண்டைத் தாண்டும். கட்டும் இடம் இல்லாமல் சுற்றுகிறவர்களுக்கு 2024 முதல் அதற்கு மேலும் கூடுதல் கட்டணம். நான்கு வருடத்துக்கு ஒரு முறை பாதுகாப்புச் சான்றிதழ். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி அடியில் கருப்புப் பூச்சு. காப்பீடு, டீசல், கரி, கேஸ் சிலிண்டர். சாதாரண வீட்டுக் கடன் இதற்குக் கிடைக்காது. வீடு போல விலையும் ஏறாது. முகவரி இல்லையென்று ஒரு வங்கியில் எங்களுக்குக் கணக்கே தொடங்க மறுத்தார்கள். எல்லாம் கூட்டினால் லண்டன் வாடகையை விடக் குறைவுதான், ஆனால் மிச்சமாகும் பணத்துக்கு ஈடாக உடம்பால் உழைக்க வேண்டும்.

என்ன உழைப்பு? தண்ணீர்த் தொட்டி நிரப்ப, குழாய் இருக்கும் இடத்துக்குப் படகை ஓட்டிப்போய் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். கழிவறையின் 20 லிட்டர் பெட்டியை நாமே தூக்கிப்போய்க் கொட்டிக் கழுவ வேண்டும். முதல் வாரத்திலேயே இதற்கு மனம் ஒப்பவில்லையென்றால் பிறகும் ஒப்பாது. கோடையில் கூரைச் சூரியத் தகடு குளிர்பெட்டி வரைக்கும் ஓட்டும். டிசம்பரில் அது கண்ணையே திறக்காது, எஞ்சினை ஓட்டி பேட்டரி ஏற்ற வேண்டும். ராத்திரி அடுப்பில் கரியைப் பதமாக மூடிவைக்கத் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் விடியற்காலை மூச்சு புகையாக வரும். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இல்லாமல் ஒரு ராத்திரிகூடப் படுக்கக் கூடாது. அதே அடுப்புக்குப் பக்கத்தில் இட்லி மாவை வைத்தால், வெளியே உறைபனி கொட்டினாலும் காலையில் மாவு பொங்கி நிற்கும். ஜனவரியில் சில நாள் விழித்ததும் படகு துளிகூட ஆடாது. சன்னலைத் திறந்தால் கால்வாய் முழுக்கக் கண்ணாடி போல ஐஸ். ஒரு வாத்து அதன்மேல் வழுக்கி வழுக்கி எங்கள் சன்னலுக்கு வரும்.

ஆகவே, கேட்ட பிள்ளைகளுக்கு என் பதில் இது. வாடகைக்கு மாற்று என்று மட்டும் நினைத்து வாங்காதீர்கள். இந்த வேலைகளையே பிடித்துச் செய்ய முடியுமா என்று முதலில் பாருங்கள். கோடையில் பார்க்க வேண்டாம். அப்போது எல்லோருக்கும் பிடிக்கும். அக்டோபர் கடைசியில் மழையோடு ஒரு வாரம் வாடகைப் படகு எடுங்கள். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால், பணம் கொடுக்கும் முன் படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி, இரும்பின் தடிமனைக் கருவி வைத்து அளக்கச் சொல்லுங்கள். புதிதில் அடித்தட்டு 10 மில்லிமீட்டர், பக்கம் 6 இருக்கும். 4க்குக் கீழே போன இடம் இருந்தால் காப்பீட்டில் சிக்கல் வரும். உள்ளே மெருகேற்றிய மரத்தையும் புது அடுப்பையும் பார்த்து மயங்கிவிடாதீர்கள்.

நாங்கள் இப்போது நிற்பது நார்த்தாம்ப்டன்ஷயரில் பிரான்ஸ்டன் ஊருக்கு அருகே. வெள்ளிக்கிழமையோடு எங்கள் 14 நாள் முடிகிறது. சனிக்கிழமை காலை அவிழ்த்து ஆறு லாக் ஏறி, சுரங்கத்துக்குள் போகிறோம். பக்கத்தில் இருக்கும் பிள்ளைகள் யாராவது வந்தால் விண்ட்லாஸ் கையில் தருகிறேன். பழைய செருப்பு வேண்டாம், வழுக்காத ஷூ போட்டுக்கொண்டு வாருங்கள். மதியச் சாப்பாடு எங்களோடு.

வணக்கம்.