ஆறடி மண்ணுக்கு எத்தனை சபை?

(ஜனவரி 18 முதல் 25 வரை வரும் கிறிஸ்தவ ஒற்றுமைச் செப வாரத்தில், காரைக்குடியில் பல சபையார் சேர்ந்து நடத்திய கூட்டத்தில் நான் பேசியது. வர முடியாதவர்கள் கேட்டதால் எழுத்தில் தருகிறேன்.)

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் குருவானவர் ஐயா அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, லுத்தரன் சபையிலிருந்து வந்திருக்கும் ஐயர் அவர்களே, பெந்தெகொஸ்தே சபையின் போதகர் அண்ணன் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் கன்னியாஸ்திரி அம்மாமார்களே, பைபிள் உமன் அக்காமார்களே, எல்லாருக்கும் என் தோத்திரம்.

நம் மாநகராட்சியின் மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்கள் இன்னொரு நிகழ்ச்சியைத் தள்ளி வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தனியாக ஒரு வணக்கம். இந்த மண்டபத்தை ஒரு ரூபாய் வாங்காமல் கொடுத்த ஆச்சி அவர்களையும் சொல்லாமல் இருக்க முடியாது. ஆச்சி நம் வேதத்தைச் சேர்ந்தவர்கள் இல்லை. "சாமி கும்பிடத்தானே கேட்கிறீங்க, எடுத்துக்கோங்க" என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். ஒலிபெருக்கி வைத்த தம்பிகள், காலையிலிருந்து அடுப்படியில் நிற்கும் பெண்கள் சங்கத்தார், இவர்கள் எல்லாரும் சேர்ந்ததால்தான் இந்தக் கூட்டம். ஊர் கூடித் தேர் இழு என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

இன்று மூன்று செய்திகள் பேசலாம் என்று வந்தேன். ஒன்று, விசுவாசத்தைத் தேடி நான் அலைந்த கதை. இரண்டு, நம் சபைகள் ஒன்றுசேர்ந்த வரலாறு. மூன்று, நம் ஊருக்கு ஒரு பொதுக் கல்லறைத் தோட்டம் ஏன் வேண்டும் என்பது. முதலாவதை என் அப்பத்தாவிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

அப்பத்தா பிறந்தது சருகணிப் பக்கம், கத்தோலிக்கக் குடும்பத்தில். அங்கே கோவில் திருவிழாவுக்கு மருது பாண்டியர் மானியம் விட்டார்கள் என்று அப்பத்தா பெருமையாகச் சொல்லும். உயிர்ப்புப் பெருவிழாத் தேரின் வடத்தைச் சின்ன வயதில் தொட்டு இழுத்ததைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தது. கல்யாணம் ஆனது வேறு சபையில். தாத்தாவின் சபையில் ஞாயிறு தவறாமல் உட்கார்ந்து கீர்த்தனை பாடும். ராத்திரி படுக்கும்போது முந்தானைக்குள் ஜெபமாலை உருட்டும். தலையணைக்கு அடியில் ஒரு சின்னத் துணிப் பொட்டலம் இருக்கும். ஓரியூர் மண். 1693-ஆம் வருடம் பிப்ரவரி 4-ஆம் தேதி, ஜான் டி பிரிட்டோ என்கிற புனித அருளானந்தர் தலை வெட்டுண்ட இடத்துச் செம்மண். தாத்தாவுக்கு அது தெரியும். அவர் ஒன்றும் சொன்னதில்லை.

கடைசி மூன்று வருடம் அப்பத்தா படுக்கையில். அப்போது வாராவாரம் வந்து, வெந்நீர் வைத்து, உடம்பு துடைத்து, தலை சீவி, பக்கத்தில் உட்கார்ந்து ஜெபித்தது ஒரு பெந்தெகொஸ்தே சகோதரி. யாரும் கூப்பிட்டு வரவில்லை. தெருவில் கேள்விப்பட்டு அவராகவே வந்தார். ஆக, ஒரே கிழவி மூன்று சபைக்குப் பிள்ளை.

ஒரு மே மாதம், விடியற்காலை நாலு மணிக்கு அப்பத்தா கண்ணை மூடியது. எனக்கு அப்போது 19 வயது. ஆறு மணிக்குப் பந்தல்காரர் வந்துவிட்டார். எட்டு மணிக்குக் குளிர்ப்பெட்டி வந்துவிட்டது. தேவகோட்டையிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து இறங்கிவிட்டார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு எடுப்பது என்று சொல்லியாயிற்று. கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிற அண்ணனுக்கும் ஆள் போய்ச் சொல்லியாயிற்று. நம் பூமி உங்களுக்குத் தெரியும். மேலே ரெண்டடி செம்மண், அப்புறம் செம்புறாங்கல். மண்வெட்டி இறங்காது, கடப்பாரை போட்டுத்தான் எடுக்க வேண்டும். அந்த அண்ணன் ஏழு மணிக்கே தொடங்கிவிட்டார்.

பத்து மணிக்கு அப்பா சபை அலுவலகத்துக்குப் போனார். எந்தச் சபை என்று நான் சொல்லப்போவதில்லை. பதிவேட்டை எடுத்துப் பார்த்தார்கள். தாத்தா இறந்த பிறகு பதினோரு வருடமாக எங்கள் வீட்டுச் சந்தா கட்டவில்லை, பெயர் அடித்திருக்கிறது, கமிட்டி கூடி முடிவு செய்தால்தான் இடம் என்றார்கள். கமிட்டிச் செயலாளர் ஊரில் இல்லை. சரி, பிறந்த சபையில் கேட்போம் என்று அத்தை ஒரு ஆட்டோவில் ஓடினார். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால், கல்யாணத்தோடு அவர்கள் வெளியே போய்விட்டார்கள், அறுபது வருடம் ஆகிவிட்டது, பெரியவரைக் கேட்காமல் எப்படி என்றார். பெந்தெகொஸ்தே சகோதரிக்குச் சேதி போனது. அவர் அழுதுகொண்டே வந்தார். அவர்கள் சபைக்கு இங்கே மண் இல்லை. வேறொரு ஊரில்தான் இருக்கிறது, வண்டி பிடித்துப் போக வேண்டும்.

மணி ஒன்று ஆனது. மின்சாரம் போனது. குளிர்ப்பெட்டி நின்றது. மே மாத வெயில். யாரோ ஜெனரேட்டர் கொண்டுவர ஓடினார்கள். அப்பா திண்ணையில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா போன் மேல் போன் போடுகிறார்: "எத்தனை மணிக்கு எடுக்கிறீங்க?" பதில் சொல்ல ஒருவரும் இல்லை. அந்த நேரத்தில்தான் குழி வெட்டுகிற அண்ணன் வாசலுக்கு வந்து நின்றார். வேர்வையும் செம்மண்ணுமாக, உடம்பெல்லாம் காவி பூசியதுபோல இருந்தார். "குழி முடிஞ்சிருச்சுய்யா. அங்க வேண்டாம்னு சொல்றாகளே. நான் இப்ப யாருக்காக அதை மூடுறது?" என்று கேட்டார்.

எங்கள் அப்பா அதுவரை அழவில்லை. அந்தக் கேள்விக்கு அழுதார்.

மூன்றரை மணிக்கு நான் வேலை பார்க்கும் பழைய சாமான் கடை முதலாளி செட்டியார் ஐயா வந்தார். விஷயத்தைக் கேட்டார். பதினோரு வருடச் சந்தாப் பாக்கியை அவர் பையிலிருந்து எடுத்துக் கொடுத்து, கமிட்டியில் கிடைத்த இரண்டு பேரைப் பிடித்துக் கையெழுத்து வாங்கினார். ஆறு மணிக்கு எடுத்தோம். அத்தைமார் ஜெபமாலையோடு கல்லறைத் தோட்டத்துக் கதவுக்கு வெளியே நின்றார்கள். உள்ளே அந்த செபம் சொல்லக் கூடாது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பெந்தெகொஸ்தே சகோதரி உள்ளே வந்தார், ஆனால் பாட வாய் திறந்தவரை அடக்கிவிட்டார்கள். நான் மண் போடுகிற சாக்கில் அந்த ஓரியூர்ப் பொட்டலத்தை அவிழ்த்து உள்ளே கொட்டினேன். செம்மண்ணோடு செம்மண் கலந்துவிட்டது. யாருக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஆறேழு மாதம் நான் எந்தக் கோவிலுக்கும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் கடைக்குப் போனேன். எங்கள் கடைக்குப் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது வருகிற கதவு, நிலை, பர்மா தேக்குத் தூண், எனாமல் தூக்கு எல்லாம் வரும். அப்படி வந்த ஒரு மூட்டைக் காகிதத்தில் ஒரு பழைய வேதாகமம் இருந்தது. சீர்திருத்தச் சபையார் படிக்கிற பதிப்பு. அதன் நடுவில் கத்தோலிக்கர் வைத்துக்கொள்ளும் ஒரு சூசையப்பர் படம், மங்கிப்போன ஒரு பூ. யாரோ ஒருவர் வீட்டிலும் ஒரு அப்பத்தா இருந்திருக்கிறது என்று நினைத்தேன். அன்றைக்குக் கடையை அடைத்த பிறகு, அந்த அழுக்கு மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முதல் தடவையாக எனக்காக ஜெபம் செய்தேன். எந்தச் சபை ஜெபம் என்று கேட்டால் தெரியாது. "அப்பா" என்று மட்டும் சொன்னேன்.

அப்புறம் பல வருடம் தேடினேன். திருப்பலியில் நற்கருணையை உயர்த்தும்போது ஒரு அமைதி விழுமே, அதில் என் நெஞ்சு அடங்கியது. பாமாலைப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஐநூறு பேர் ஒரே குரலாகப் பாடும்போது, விசுவாசம் என்னோடு தொடங்கவில்லை என்று தெரிந்தது. ஓடு போட்ட ஒரு ஜெபவீட்டில், சித்தாள் வேலைக்குப் போகிற ஒரு அம்மா கையை உயர்த்தி அழுததைப் பார்த்தபோது, தேவனிடம் இப்படியும் பேசலாம் என்று கற்றேன். மூன்றில் ஒன்றைக்கூட விட என்னால் முடியவில்லை. அருளப்பர் என்று ஒரு வீட்டில், யோவான் என்று மறு வீட்டில். சின்னப்பர் என்றால் ஒருவருக்குப் புரியும், பவுல் என்றால் மற்றவருக்குப் புரியும். ஆள் ஒருவர்தான். 1995-இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் சேர்ந்து திருவிவிலியம் என்று பொது மொழிபெயர்ப்பு கொண்டுவந்தார்களே, அதை நம்மில் எத்தனை பேர் சேர்ந்து உட்கார்ந்து படித்திருக்கிறோம்?

நம் ஊர் பெரிய வீடுகளைப் பாருங்கள். மகனுக்குக் கல்யாணமானால் வேறு வைப்பார்கள். தனி அடுப்பு, தனிக் கணக்கு, கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு தனிப் புள்ளி. ஆனால் முகப்பு ஒன்று, நடு முற்றமான வளவு ஒன்று, சாமி வீடு ஒன்று. நல்லதுக்கும் கெட்டதுக்கும் எல்லாப் புள்ளியும் அந்த ஒரே வளவில்தான் உட்கார வேண்டும். வேறு வைத்ததால் அண்ணன் தம்பி இல்லை என்று ஆகிவிடாது. சபை ஒற்றுமை என்றால் எனக்கு மனதில் வருவது இந்த வளவுதான். அடுப்புகளை இடித்து ஒன்றாக்குங்கள் என்று நான் கேட்கவில்லை.

சரி, வரலாற்றுக்கு வருகிறேன். 1919 மே மாதம் சபை ஒற்றுமை பற்றிப் பேசத் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள். 1706-இல் லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் வந்து இறங்கிய அதே தரங்கம்பாடி. இருவரைத் தவிர எல்லாரும் இந்தியர். முன்னால் நின்றவர் நம் வெள்ளாளன்விளையில் பிறந்த பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. அவர்கள் சொன்னதன் சாரம் இதுதான்: இந்தப் பிரிவினைகளை நாம் உண்டாக்கவில்லை, வெளியிலிருந்து வந்து நம்மேல் விழுந்தவை, இவற்றால் நாம் பலவீனப்பட்டுக் கிடக்கிறோம். அங்கிருந்து 28 வருடம் பேசினார்கள். 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை மூன்றும் சேர்ந்து, சி.எஸ்.ஐ. என்று நாம் சொல்லும் தென்னிந்தியத் திருச்சபை ஆனது. நம் மதுரை–இராமநாதபுரம் பேராயத்துக்கு அன்று பேராயராக வந்த லெஸ்லி நியூபிகினுக்கு வயது 37. அசரியா அதைப் பார்க்கவில்லை. 1945 ஜனவரி முதல் தேதி இறந்துபோனார்.

1964-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவ ஒற்றுமைக்காக ஒரு தனி ஏடே வெளியிட்டது. 1999 அக்டோபர் 31-இல், மனிதன் எப்படி நீதிமான் ஆகிறான் என்பது பற்றிக் கத்தோலிக்கரும் லுத்தரன்களும் சேர்ந்து கையெழுத்திட்டார்கள். லூத்தர் காலத்திலிருந்து இழுத்துக்கொண்டிருந்த வழக்கு அது. அவ்வளவு பெரிய வழக்கைத் தீர்க்க முடிந்தவர்களுக்கு ஆறடி மண்ணைப் பொதுவாக்க முடியாதா என்றுதான் நான் கேட்கிறேன்.

இதைச் சொல்லத்தான் வந்தேன். நம் ஊருக்கு ஒரு பொதுக் கல்லறைத் தோட்டம் வேண்டும். எல்லாச் சபைக்கும் ஒரே வாசல். சந்தாப் புத்தகம் கேட்கக் கூடாது. எந்தச் செபமும் உள்ளே சொல்லலாம். ஜாதிக்கு ஒரு மூலை என்பது அறவே கூடாது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு நடுவே எழுப்பிய சுவரை நினைத்துப் பாருங்கள். அந்த மாதிரி ஒரு செங்கல்லைக்கூட நாம் வைக்கக் கூடாது. ஊர் கூடித் தேர் இழு என்கிறோம். நம் பக்கத்துக் கண்டதேவித் தேர் எத்தனை வருடம் ஓடாமல் நின்றது, 2024-இல் மறுபடி ஓடியபோது ஊர் எப்படி மூச்சு விட்டது என்று உங்களுக்குத் தெரியும். யாரெல்லாம் வடம் தொடலாம் என்ற கேள்வி வந்தாலே தேர் நின்றுவிடும். நம் தேரும் அங்கேதான் நிற்கிறது.

மேடையில் இருக்கும் பெரியவர்கள் தனித்தனியாக என்னிடம் நல்ல வார்த்தை சொல்லியிருக்கிறார்கள். பங்குத்தந்தை அவர்கள் எங்கள் வீட்டுக்கே வந்து அப்பாவிடம் பேசினார்கள். குருவானவர் ஐயா தன் கமிட்டியில் இதை வைப்பதாகச் சொன்னார்கள். போதகர் அண்ணன், எங்களுக்கு மண்ணே இல்லை தம்பி, நான்தான் முதல் கையெழுத்து என்றார். தனித்தனியாகச் சொன்னதை எழுத்தில் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதுதான் என் விண்ணப்பம். இயேசு தம் சீடர்களுக்காக, அவர்கள் எல்லாரும் ஒன்றாயிருக்க வேண்டும் என்று பிதாவிடம் கேட்டது, பாடுபடுவதற்கு முந்தின ராத்திரி. சாவு பக்கத்தில் நிற்கும்போது கேட்டது அது.

வாசலுக்குப் பக்கத்து மேசையில் மாநகராட்சிக்கு இடம் கேட்டு எழுதிய மனு இருக்கிறது. மாமன்ற உறுப்பினர் அம்மா இன்றைக்கே வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். பெயர், தெரு, கையெழுத்து போதும். சபையின் பெயர் எழுத அதில் இடம் விடவில்லை. கையெழுத்துப் போட வராதவர்கள் கைநாட்டு வைக்கலாம், மை இருக்கிறது. குழி வெட்டுகிற அண்ணனும் வந்திருக்கிறார், கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் முதலில் போடட்டும், அவருக்குப் பின்னால் நாம் வரிசையில் நிற்போம்.