ஸ்கூட்டரில் விழுந்தவரும் என் தொண்ணூறு மார்க்கும்

நேயர்களுக்கு வணக்கம்.

மருத்துவ ஆராய்ச்சியில் வேலை பார்க்கிறேன் என்று சொன்னால் கல்யாண வீட்டுப் பந்தியில் அடுத்த கேள்வி, "எலியை வச்சுப் பண்ணுவாங்களே, அதுவா?" என்றுதான் வரும். எலியெல்லாம் முடிந்து மனிதர்களிடம் வருகிற கட்டம் எங்களுடையது. ஒரு புது மருந்தைச் சம்மதித்து வருகிற நோயாளிகளிடம் கொடுத்துப் பார்ப்பார்கள். தலைமை ஒரு டாக்டர். அவருக்குக் கீழே, இன்றைக்கு யார் வந்தார், எத்தனை மாத்திரை மிச்சம் கொண்டுவந்தார், ரத்தம் எத்தனை மணிக்கு எடுத்தது என்று எல்லாவற்றையும் எழுதி வைக்கிற ஆளுக்கு ஸ்டடி கோஆர்டினேட்டர் என்று பெயர். இருபது வருஷமாக நான் அந்த ஆள்.

இந்த வேலைக்கென்று படித்து வந்தவர்கள் எங்களில் குறைவு. ஒருவர் நர்சிங் முடித்திருப்பார், ஒருவர் பார்மசி, என்னைப் போல ஒருவர் பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி. அதனால் வேலையைக் கற்றுக்கொள்வதெல்லாம் குறுகிய காலப் படிப்புகளில்தான். அரை நாள், இரண்டு நாள், அல்லது கம்ப்யூட்டர் முன்னால் மூன்று மணி நேரம். இந்தச் சின்னப் படிப்புகளைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

இவற்றில் முதலாவது ஜிசிபி. குட் கிளினிக்கல் பிராக்டிஸ் என்பதன் சுருக்கம். மனிதர்களிடம் மருந்தைச் சோதிக்கும்போது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற உலகப் பொது விதிகள் இவை. 1996இல் வந்தது, 2016இல் திருத்தினார்கள், 2025 ஜனவரியில் மறுபடியும் மாற்றி எழுதியிருக்கிறார்கள். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுச் சான்றிதழ் கொண்டு வா என்பார்கள். நாங்களும் இணையத்தில் உட்கார்ந்து, அடுத்தது, அடுத்தது என்று தட்டி, தேர்வு எழுதி, பிரின்ட் எடுத்து ஃபைலில் செருகிவிடுவோம். உண்மையைச் சொல்கிறேன், நானும் அப்படித்தான் செய்திருக்கிறேன். ஒரு கையில் டீ, ஒரு கையில் மவுஸ். தொண்ணூறு மார்க் வாங்கினேன்.

அந்தத் தொண்ணூறு வாங்கி மூன்று வாரம் ஆகியிருக்கும். ரத்த அழுத்த மருந்து ஒன்றின் ஆராய்ச்சி. பங்கேற்றவர்களில் ஒருவர் டெய்லர், ஐம்பது வயதிருக்கும். திங்கட்கிழமை வர வேண்டியவர் வரவில்லை. போன் போட்டேன். மனைவி எடுத்தார். "அவரு ஆஸ்பத்திரியில இருக்காரு மேடம். முந்தாநேத்து ஸ்கூட்டர்ல இருந்து விழுந்துட்டாரு. கையில கட்டுப் போட்டு, ரெண்டு நாள் இங்கேயே இருக்கட்டும்னு சொல்லிட்டாங்க."

அடடா என்று நலம் விசாரித்தேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். ஃபைலில் "கை எலும்பு முறிவு, அடுத்த வாரம் வருவார்" என்று ஒரு வரி எழுதினேன். சாப்பிடப் போய்விட்டேன்.

பத்து நாள் கழித்து மானிட்டர் வந்தார். மருந்துக் கம்பெனி சார்பில் எங்கள் ஃபைல்களைச் சரிபார்க்க வருகிறவர். பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டே வந்தவரின் விரல் அந்த வரியில் நின்றது.

"இவர் அட்மிட் ஆனாரா?"

"ஆமா சார், ஸ்கூட்டர் ஆக்சிடென்ட்."

"ரிப்போர்ட் எங்கே?"

"சார், அவர் வண்டியில இருந்து விழுந்தாரு. மருந்தால ஒண்ணும் ஆகலையே."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். "ஏன் விழுந்தாருன்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வீட்டில் யாராவது இருந்தால் உங்களுக்கே தெரியும். அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கினால் சட்டென்று எழுந்திருக்கும்போது தலை கிர்ரென்று சுற்றும். நாங்கள் கொடுத்ததும் அதே வகை மருந்து. வண்டியில் போகும்போது அவருக்குத் தலை சுற்றியதா என்று என் வாயில் ஒரு வார்த்தை வரவில்லை.

அப்புறம் கேட்டோம். நாய் குறுக்கே ஓடியதாம். நாயேதான் காரணம். ஆனால் பாருங்கள், அது நாயா மாத்திரையா என்று தீர்மானிக்க நான் யார்? நம் நாட்டு விதிப்படியும் சரி, ஜிசிபிப்படியும் சரி, வெளிநோயாளியாக ஆராய்ச்சிக்கு வருகிற ஒருவர் உடம்புக்கு எதிர்பாராமல் என்ன ஆகி ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனாலும் அது தீவிரமான பாதகச் சம்பவம். டாக்டர் 24 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். மருந்துக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா இல்லையா என்று அலசுவது அதற்கப்புறம். முதலில் தகவல், பிறகுதான் காரணம். நான் தலைகீழாகச் செய்திருந்தேன். எங்கள் டாக்டர் தாமதத்துக்குக் காரணம் எழுதிக் கொடுத்தார். காரணம் நான்.

இதில் எனக்கு இன்னும் உறுத்துவது, அந்தத் தொண்ணூறு மார்க் தேர்வில் இதே கேள்வி இருந்தது. சரியான விடையைத்தான் தட்டியிருந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு அரை நாள் வகுப்புக்குப் போனேன். ஒன்பது பேர். புரொஜெக்டர் கிடையாது. ஓய்வுபெற்ற மருந்தியல் பேராசிரியர் ஒருவர், சட்டைப்பையிலிருந்து துண்டுச் சீட்டுகளை எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தார். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு சம்பவம். என் சீட்டில் இருந்தது இது: 'ஆராய்ச்சியில் சேருவதற்கு முன்பே கண்புரை ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியிருந்தவர், அந்தத் தேதியில் அட்மிட் ஆகிறார். தெரிவிக்க வேண்டுமா?' அரை மணி நேரம் சண்டை. நான்கு பேர் வேண்டும் என்றோம், ஐந்து பேர் வேண்டாம் என்றார்கள். கடைசியில் அவர் சொன்ன பதில், "உங்க புரோட்டோகாலைத் திறந்து பாருங்க. அதுல எழுதியிருக்கும். யாராவது திறந்தீங்களா?" புரோட்டோகால் என்பது அந்த ஆராய்ச்சியை எப்படி நடத்த வேண்டும் என்று எழுதி வைத்த திட்டம். ஒருவரும் திறக்கவில்லை. அந்த அரை நாளுக்குக் கொடுத்த சான்றிதழ் எங்கே போனதென்று தெரியாது. ஆனால் அந்த வாரமே எங்கள் போன் விசாரிப்புத் தாளில் இரண்டு கேள்வி சேர்த்தேன்: 'எங்காவது அட்மிட் ஆனீர்களா? விழுந்திருந்தால், அதற்கு முன் எப்படி இருந்தது?'

இளையவர்கள் என்னிடம் வந்து, "அக்கா, அடுத்து என்ன கோர்ஸ் பண்ணட்டும்?" என்று கேட்பார்கள். கையில் நாலு விளம்பர நோட்டீஸ் இருக்கும். அதையெல்லாம் ஓரமாக வை, உன் டீவியேஷன் லாகை எடுத்து வா என்பேன். அது எங்கள் தவறுப் பட்டியல். ஒரு வருஷத்தில் எதில் திரும்பத் திரும்பச் சறுக்கியிருக்கிறாயோ அதுதான் உன் அடுத்த கோர்ஸ். மறுபடியும் சொல்கிறேன், நோட்டீஸைப் பார்க்காதே, பட்டியலைப் பார்.

எனக்கு அந்தப் பட்டியல் காட்டிய இன்னொன்று, ஒப்புதல் வாங்குகிற பேச்சு. எங்கள் தமிழ்ப் படிவங்களில் 'சமவாய்ப்பு முறையில் ஒதுக்கீடு' என்றிருக்கும், 'மருந்துப்போலி' என்றிருக்கும். முன்னது, யாருக்கு எது என்று குலுக்கல் மாதிரி பிரிப்பது; பின்னது, மருந்தே இல்லாத மாத்திரை. தமிழ்தான், ஆனால் யார் வீட்டுத் தமிழ்? வந்தவர்கள் தலையாட்டுவார்கள், கையெழுத்துப் போடுவார்கள். இரண்டு நாள் பயிற்சி ஒன்றில் ஒரே ஒரு பழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தார்கள். 'புரிந்ததா' என்று கேட்காதே, அவர்களையே திருப்பிச் சொல்லச் சொல்.

ஒரு பாட்டி. எழுதப் படிக்கத் தெரியாதவர். அப்படிப்பட்டவர்களுக்கு, ஆராய்ச்சியில் சம்பந்தப்படாத ஒருவர் சாட்சியாக உட்கார்ந்து முழுவதையும் கேட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். சாட்சியும் இருந்தார், நானும் எல்லாம் விளக்கியாயிற்று. "பாட்டி, வீட்டுக்குப் போனதும் மருமக கேட்டா என்னன்னு சொல்லுவீங்க?" என்றேன். "பெரிய டாக்டரு எனக்குன்னு பார்த்துப் புது மாத்திரை எழுதிக் குடுத்தாருன்னு சொல்லுவேன்" என்றார். அரை மணி நேர விளக்கம் போன இடம் தெரியவில்லை. மறுபடி ஆரம்பித்தேன். பூவா தலையா போடுவது மாதிரி, யாருக்கு எது வரும் என்று டாக்டருக்கே தெரியாது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்போ எனக்கு மாவு மாத்திரை வந்தாலும் வரும்?" வரலாம் என்றேன். "பையனைக் கேட்டுட்டு வர்றேன்" என்று போனார். வரவில்லை. ஆள் சேர்ப்புக் கணக்கில் அந்த மாதம் எனக்கு ஒன்று குறைந்தது. மேலே இருப்பவர்களுக்கு அது பிடிக்கவில்லை, அது வேறு கதை.

ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் விரல் காட்டுகிறார். இரண்டு நிமிடமாம். தாளில் இன்னும் பாதி இருக்கிறது.

வேகமாகச் சொல்கிறேன். ரத்த மாதிரிகளை விமானத்தில் அனுப்புகிறவர்கள் அதற்கான பயிற்சியை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அலுத்துக்கொள்ளாமல் போங்கள். டிரை ஐஸ், அதாவது உறைந்த கார்பன் டை ஆக்சைடு, வைத்த பெட்டியை நாலு பக்கமும் இறுக்கி டேப் ஒட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது கரைந்து தண்ணீர் ஆகாது, வாயுவாகிறது. வெளியேற வழியில்லாவிட்டால் பெட்டி வெடிக்கும்.

புள்ளியியலைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கு ஒன்று. சென்னை அயப்பாக்கத்தில் இருக்கிற தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம், ஆராய்ச்சியின் அடிப்படைகளை என்பிடெல் என்ற இணைய வகுப்புத் தளம் வழியாக நடத்துகிறது. படிப்பது இலவசம், சான்றிதழ் வேண்டுமென்றால்தான் தேர்வுக் கட்டணம். வகுப்பு நாளுக்குச் சம்பளத்தோடு விடுப்பு கொடுப்பதா, வேண்டாமா என்று ஆஸ்பத்திரி நிர்வாகங்களிடம் ஒரு சண்டை போடலாம் என்று வந்தேன், அதற்கு நேரமில்லை. கொடுங்கள் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

அந்த டெய்லர் கை சரியாகி, மிச்ச மாத்திரைகளை எண்ணிக் கொண்டுவந்து கொடுத்து, கடைசி விசிட் வரைக்கும் வந்தார். ஸ்கூட்டரை விற்றுவிட்டாராம். நன்றி, வணக்கம்.