முட்டு என்ற ஒரு சொல்லும் இரண்டு வருத்தங்களும்

நேயர்களுக்கு வணக்கம்.

கிளினிக்கில் மூச்சு இளைக்க வருபவரிடம் "என்ன வருத்தம் ஐயா?" என்று கேட்டால் "முட்டு" என்பார்கள், அல்லது "தொய்வு" என்பார்கள். ஒருவர் "சின்னனில இருந்தே இருக்கு" என்பார். பக்கத்துக் கதிரையில் இருப்பவர் "அஞ்சாறு வருசமாத்தான்" என்பார். சொல் ஒன்று, வருத்தம் இரண்டு. முதலாமவருக்கு அநேகமாக ஆஸ்துமா. இரண்டாமவர் நாற்பது வருடம் சுருட்டோ பீடியோ குடித்தவர் என்றால், அல்லது விறகடுப்படியிலேயே காலம் கழித்த ஆச்சி என்றால், அது பெரும்பாலும் நாள்பட்ட சுவாசத்தடை நோய். கிளினிக் கொப்பியில் சீஓபீடீ என்று எழுதியிருப்பார்கள். இரண்டிலும் சுவாசக் குழாயின் சுவரில் அழற்சி உண்டு. எந்த வகை அழற்சி என்பதைப் பொறுத்துத்தான் மருந்து பலிப்பதும் பலிக்காததும்.

அழற்சி என்ற சொல்லுக்குள்ளேயே அழல் இருக்கிறது. அழல் என்றால் நெருப்பு. சீஓபீடீயைப் பொறுத்தவரை அது கொழுந்துவிட்டு எரிகிற நெருப்பல்ல, சாம்பல் மூடிய தணல். புகை உள்ளே போனதும் நுரையீரலைக் கூட்டித் துடைக்கிற மக்ரோபேஜ் கலங்கள் அதை விழுங்கி, இரத்தத்திலிருந்து நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்களை உதவிக்குக் கூப்பிடுகின்றன. நியூட்ரோபில் கொண்டுவருகிற ஆயுதங்களில் ஒன்று இலாஸ்டேஸ் என்ற நொதியம். கிருமியைக் கொல்ல வந்த அந்த நொதியம் நுரையீரலின் இழுவைத் தன்மையுள்ள நார்களையும் சேர்த்து அறுக்கிறது. ஆஸ்துமாவில் வழக்கமாக முன்னுக்கு நிற்பது வேறொரு வெள்ளணு, இயோசினோபில். இந்த இரண்டு பெயரையும் மனதில் வைத்திருங்கள்.

தணல் முதலில் பிடிப்பது 2 மில்லிமீற்றருக்கும் குறைந்த விட்டமுள்ள சின்னக் குழாய்களில். அவை எண்ணிக்கையில் ஏராளம் என்பதால், ஒரு பகுதி கெட்டுப்போனாலும் ஆளுக்கு ஒன்றும் தெரியாது. படியேற இளைப்பதை வயசுக் கோளாறு என்று விட்டுவிடுவார்கள். ஆனால் ஒரு குழாயின் உள் ஆரை பாதியானால் காற்றோட்டத்துக்கான தடை இரண்டு மடங்கல்ல, 16 மடங்கு கூடும். அதனால்தான் கன காலம் ஒன்றுமில்லாமல் இருந்தவர், கொஞ்சம் சளி கூடினாலும் திடீரென்று மூச்சுக்குத் தவிக்கிறார்.

சளிக்கு வருவோம். குழாயின் உட்பக்கத்தில் நுண்ணிய மயிர்கள் சளியை மேலே மேலே தள்ளிக்கொண்டிருக்கும். புகை அந்த மயிர்களை முடக்குகிறது, சளி சுரக்கிற கலங்களைப் பெருக்குகிறது. இரவு முழுக்கத் தேங்கியதைக் காலையில் இருமித்தான் வெளியே எடுக்க வேண்டியிருக்கிறது. துப்பும்போது அதன் நிறத்தைப் பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. வெள்ளையாக, நுரையாக இருந்தால் ஒன்று. மஞ்சளாகி, பிறகு பச்சையாக மாறினால் வேறு. அந்தப் பச்சை கிருமியின் நிறம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது நியூட்ரோபிலுக்குள் இருக்கிற வேறொரு நொதியத்தின் நிறம். அந்த நொதியமே பச்சை. கைலேஞ்சியில் பச்சை கூடக் கூட, குழாய்க்குள் வந்து செத்த நியூட்ரோபில்கள் கூடுகின்றன என்று அர்த்தம்.

இழுவை நார்கள் அறுந்தால் இன்னொன்றும் நடக்கும். சின்னக் குழாய்களைச் சுற்றியுள்ள காற்றறைச் சுவர்கள்தான், கூடாரத்தை நாலாபக்கமும் இழுத்துக் கட்டிய கயிறு போல, அவற்றைத் திறந்து வைத்திருக்கின்றன. கயிறு அறுந்தால் மூச்சை வெளியே விடும்போது குழாய் மடிந்துபோகும். உள்ளே போன காற்று வெளியே வராது. ஆள் "மூச்சு எடுக்க ஏலாமல் கிடக்கு" என்பார், ஆனால் அவருடைய சிக்கல் மூச்சை விடுவதில். இதற்குக் காசில்லாத வைத்தியம் ஒன்று உண்டு. மூக்கால் இரண்டு எண்ணும்வரை எடுத்து, உதட்டைக் குவித்து நாலு எண்ணும்வரை விடுங்கள். குப்பி விளக்கின் சுடர் அணையாமல் சரிகிற அளவுக்கு ஊதினால் போதும். குவித்த உதடு வாய்க்குள் ஒரு அழுத்தத்தை வைத்திருக்கும், அது குழாய் மடியாமல் தாங்கும்.

குப்பி விளக்கு என்றதும் தொண்ணூறுகள் நினைவுக்கு வரும். மின்சாரமில்லாத அந்த வருடங்களில் ஜாம் போத்தல் விளக்கும் விறகும்தான். 2022இல் இலங்கையில் எரிவாயு சிலிண்டருக்குத் தட்டுப்பாடு வந்தபோது பல குசினிகளில் மறுபடி அடுப்பு மூண்டது. ஊமல், சிரட்டை, பொச்சு, கங்குமட்டை எதுவானாலும் ஈரம் இருந்தால் புகை பல மடங்கு. மாரிக்கு முன்பே விறகைக் காயவைத்து, மழை படாத தாழ்வாரத்தில் அடுக்குங்கள். குசினியில் எதிரெதிரே இரண்டு திறப்பு வேண்டும், ஒரு யன்னல் மட்டும் போதாது. பொச்சு புகைந்துகொண்டிருக்கிற நேரம் அடுப்படியில் குந்தியிருக்கத் தேவையில்லை. முற்றத்தில் சருகு கொளுத்துவதும், பூட்டிய அறைக்குள் நுளம்புத்திரி வைப்பதும் இதே கணக்கில்தான் சேரும். சுருட்டு சிகரெட்டைவிடப் பரவாயில்லை என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. நுரையீரலுக்கு அந்த நம்பிக்கை கிடையாது.

புகையை விட்டால் தணல் முழுக்க ஆறிவிடுமா? இல்லை, விட்ட பிறகும் பலருக்கு அழற்சி வருடக்கணக்கில் தொடர்கிறது. இதைக் கேட்டதும் "அப்ப ஏன் விடுவான்?" என்பார்கள். பிளெட்சர், பீட்டோ என்ற இரு ஆய்வாளர்கள் 1977இல் வெளியிட்ட ஆய்வு அதற்குப் பதில் சொன்னது. இழந்த மூச்சு திரும்பி வராது. ஆனால் விட்ட நாளிலிருந்து, மேலும் இழக்கிற வேகம் ஏறத்தாழப் புகைக்காதவரின் வேகத்துக்குக் குறைகிறது. அறுபத்தைந்தில் விட்டாலும் இலாபம்தான்.

இனி மருந்து. நீலப் பம்ப், அதாவது சல்பியூட்டமோல், ஐந்து நிமிடத்தில் குழாயை விரிக்கும், நாலு முதல் ஆறு மணித்தியாலம் நிற்கும். அழற்சியை அது தொடுவதே இல்லை. ரயோட்ரோப்பியம் போன்றவை ஒரு நாள் முழுக்க விரித்து வைக்கும், அவையும் விரிப்பான்கள்தான். அழற்சிக்கென்று இருப்பது ஸ்டீரொயிட் பம்ப். ஆஸ்துமாவில் அதுவே உயிர்நாடி, ஏனென்றால் இயோசினோபில் ஸ்டீரொயிட்டுக்கு அடங்கும். நியூட்ரோபில் அவ்வளவாக அடங்காது. ஆகவே ஆஸ்துமாக்காரர் தன் பம்பை அயலிலுள்ள சீஓபீடீக்காரருக்குக் கடன் கொடுப்பதில் அர்த்தமில்லை.

ஆனாலும் சில சீஓபீடீக்காரருக்கு இயோசினோபிலும் கூட இருக்கும். அதை அறிய விலைகூடிய பரிசோதனை தேவையில்லை, சாதாரண இரத்தக் கணக்கெடுப்பே போதும். ரிப்போர்ட்டில் மொத்த வெள்ளணு 8000, இயோசினோபில் 4 வீதம் என்றிருந்தால், 8000இல் 4 வீதம் 320. அடிக்கடி நோய் முற்றுகிறவருக்கு இந்த எண் 300ஐத் தாண்டினால் விரிப்பானோடு ஸ்டீரொயிட்டைச் சேர்ப்பதில் நல்ல பலன் உண்டு. 100க்குக் கீழே என்றால் பலன் கிடைப்பது அரிது, நிமோனியா வரும் ஆபத்துத்தான் மிச்சம். வயிற்றுப் பூச்சித் தொல்லை எண்ணைக் கூட்டிக் காட்டும், பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை குறைத்துக் காட்டும். அதனால் ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவெடுக்க வேண்டாம். வீட்டில் கிடக்கிற பழைய ரிப்போர்ட்டுகளையும் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். அதற்கு முதல், ஸ்பைரோமெட்ரி என்ற மூச்சளவுக் கருவியில் ஊதிப் பார்க்காமல் சீஓபீடீ என்று முத்திரை குத்துவது சரியல்ல. விரிப்பான் எடுத்த பிறகும், பலமாக ஊதுகிற மொத்தக் காற்றில் முதல் செக்கனில் வருவது 70 வீதத்துக்குக் குறைவாக இருந்தால்தான் அந்தப் பெயர்.

மருந்து சரியாக இருந்தும் உள்ளே போகாமல் நாக்கிலேயே தங்கிவிடுவது அன்றாடம் நடப்பது. பம்புக்கும், கருவியில் போட்டுத் தூளாக இழுக்கிற கப்சூலுக்கும் இழுக்கிற விதம் நேர்மாறு. பம்பைக் குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, உதட்டால் கவ்வி, மெதுவாக இழுக்கத் தொடங்குகிற அதே நேரம் அமுக்க வேண்டும். தொடர்ந்து இழுத்து, பத்து எண்ணும்வரை மூச்சை அடக்க வேண்டும். இரண்டாவது பஃபுக்கு அரை நிமிடமாவது பொறுங்கள். வேகமாக இழுத்தால் மருந்து தொண்டையில் அடிபட்டு அங்கேயே நிற்கும். கைவிரல் ஒத்துழைக்காத வயதானவர்களுக்கு, பம்பின் வாயில் பொருத்துகிற ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குடுவை நல்லது. அதைச் சவர்க்கார நீரில் கழுவித் தானாகக் காயவிடுங்கள். துணியால் துடைத்தால் நிலைமின் ஏறி மருந்து பிளாஸ்டிக்கிலேயே ஒட்டிவிடும்.

கப்சூல் தூளுக்கோ பலமாக, வேகமாக இழுக்க வேண்டும். மெதுவாக இழுத்தால் தூள் கட்டியாகவே வாய்க்குள் விழும். கருவிக்குள் ஊதிவிடாதீர்கள், உங்கள் மூச்சின் ஈரமே தூளைக் கட்டியாக்கிவிடும். அடுத்த நாளுக்கென்று கப்சூலை அட்டையிலிருந்து முன்கூட்டியே பிரித்து வைக்கவும் வேண்டாம், கடற்காற்று அதே வேலையைச் செய்யும். கப்சூலைத் தண்ணீரோடு விழுங்குகிறவர்களும் இருக்கிறார்கள், அது வயிற்றுக்குள் போய் முட்டுக்கு ஒன்றும் செய்யாது. ஸ்டீரொயிட் எதுவானாலும் எடுத்தபின் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள். இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளைப் பூஞ்சணம் படரும்.

முட்டுக்கென்று தியோபிலின் குளிசை எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. புகைத்தல் அந்த மருந்தை ஈரலில் வேகமாக அழிக்கும். புகைத்தலை விட்டதும் அதே அளவு குளிசை இரத்தத்தில் கூடிநிற்கும். ஓங்காளம், நெஞ்சு படபடப்பு, நித்திரையின்மை வரும். "சுருட்டை விட்டதாலதான் வருத்தம் கூடிச்சு" என்று மறுபடி பற்றவைப்பவர்கள் உண்டு. வைத்தியரிடம் சொன்னால் குளிசையைக் குறைப்பார். சிப்ரோஃப்ளொக்சசின், எரித்ரோமைசின் ஆகிய கிருமிகொல்லி மருந்துகளும் இதே கூத்தைக் காட்டும்.

இளைப்பு வழமையைவிடக் கூடுதல், சளியின் அளவு கூடுதல், சளி பச்சையாதல் ஆகிய மூன்றில் இரண்டு சேர்ந்தால், அதிலும் பச்சை ஒன்றாக இருந்தால், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே வழமையாகத் தருவது பிரெட்னிசொலோன் நாளுக்கு 40 மில்லிகிராம், ஐந்து நாள். 5 மில்லிகிராம் குளிசை என்றால் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு எட்டுக் குளிசை. அதை நீட்டுவதில் மேலதிகப் பலனில்லை, நீரிழிவுக்காரருக்குச் சீனி ஏறும். மிச்சக் குளிசையை அலுமாரியில் வைத்து அடுத்த முட்டுக்குத் தாமாகப் போடுவது கூடாது. வாட்டில் ஒட்சிசன் போட்டிருந்தால், "அப்பாவுக்குக் காணாது" என்று பிள்ளைகள் குமிழைத் திருப்பிக் கூட்டக் கூடாது. இவர்களுக்கு, விரலில் மாட்டுகிற கருவியில் ஒட்சிசன் 88 முதல் 92 வீதம் வரை போதும். அதற்கு மேலே ஏற்றினால் கரியமிலவாயு உடலில் தேங்கி ஆள் மயங்கிப்போகலாம்.

கடைசியாக ஒரு கணக்கு. பெரும்பாலான பம்பில் 200 பஃப் இருக்கும். நாளுக்கு நாலு தரம், இரண்டிரண்டு என்றால் 25 நாள். மருந்து தீர்ந்த பிறகும் வாயு மட்டும் சீறிக்கொண்டு வரும், சத்தத்தைக் கேட்டு இன்னும் இருக்கிறது என்று நம்பிவிடுவோம். புதுப் பம்பை உடைக்கிற அன்றே அதன் பிளாஸ்டிக் உறையில் திகதியை மாக்கர் பேனையால் எழுதிவையுங்கள். நன்றி, வணக்கம்.