அந்த 60 ரூபாய், நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களுக்கும், எதிரணிப் பெரியவர்களுக்கும், கோயில் திடலில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் திருப்பூர் சனத்துக்கும் வணக்கம்.

"தொழில் மந்தமான காலத்தில் தொழிலாளி குடும்பத்தைக் கரை சேர்ப்பது கைக்காசா, மனத்தெம்பா?" கைக்காசுதான் என்று பேச வந்திருக்கிறேன். நான் ஓவர்லாக் டெய்லர் மகள். வேறு எந்தப் பக்கம் பேசுவேன்?

நேராகக் கதைக்கு வந்துவிடுகிறேன். 2008 தீபாவளி. திங்கட்கிழமை வந்தது. எனக்குப் பத்து வயது, தம்பிக்கு ஆறு. பனியன் கம்பெனியில் அப்பா ஓவர்லாக் மிஷின் டெய்லர், அம்மா செக்கிங், அதாவது தைத்த துணியில் குறை பார்க்கிற வேலை. வத்தலக்குண்டுப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். எட்டுக் குடித்தனம் இருக்கிற லைன் வீட்டில் கடைசி வீடு எங்களுடையது. வருஷத்துக்கு ஒரே ஒரு தடவைதான் ஊருக்குப் போவோம், அதுவும் தீபாவளிக்கு. உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? இந்த ஊரில் போனஸ் கைக்கு வந்தால்தான் தீபாவளி. வந்த அன்று ராத்திரி பஸ் ஸ்டாண்டில் கால் வைக்க இடம் இருக்காது.

சனிக்கிழமை, சம்பள நாள். அம்மா பையைக் கட்டி வைத்துவிட்டாள். எங்கள் இரண்டு பேருக்கும் புதுத்துணி, பாட்டிக்கு ஒரு சுங்குடிச் சேலை, மாமாவுக்கு செகண்ட்ஸில், அதாவது சின்னக் குறை உள்ள சரக்கில், எடுத்த இரண்டு பனியன். பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்றுகொண்டு, "ஊருக்கா? வரும்போது கொடைக்கானல் பூண்டு கால் கிலோ வாங்கிட்டு வாங்க" என்றது. பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிறார்கள், பிள்ளையைத் தூக்கி உள்ளே கொடுக்கிறார்கள். அப்பா பஸ்ஸைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "கூட்டம் ஜாஸ்தியா இருக்கு, பிள்ளைக நசுங்கிப் போகும். நாளைக்குப் போவோம்" என்றார். நியாயம்தானே? திரும்பி வந்தோம். "என்ன, போகலையா?" என்றது அந்த அக்கா. "கூட்டம்க்கா" என்றேன் நான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அதே பை, அதே நாலு பேர். அதே அக்கா, அதே பூண்டு! கூட்டம் இருந்தது, ஆனால் நேற்று மாதிரி இல்லை. ஒரு பஸ்ஸில் கடைசி சீட்டு காலி. கண்டக்டர் நல்ல மனுஷர். "ஏறுங்கண்ணே, சின்னவனை மடியில வெச்சுக்கலாம்" என்று அப்பா கையிலிருந்த பையை அவரே வாங்கி உள்ளே வைத்துவிட்டார். அப்பா பின்னாலேயே ஏறினார். நாங்களும் ஏறப் போனோம். அதற்குள் அவர் பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். "கடைசி சீட்டு தூக்கித் தூக்கிப் போடும். சின்னவனுக்கு வாந்தி வந்துடும். நாளைக்குப் போவோம்." நடுவர் அவர்களே, என் தம்பிக்கு இன்று வரைக்கும் பஸ்ஸில் வாந்தி வந்ததில்லை.

திங்கட்கிழமை, தீபாவளி அன்று காலை. எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத்துணி போட்டுக்கொண்டு, மூன்றாவது தடவையாக அதே பையோடு கிளம்பினோம். இந்தத் தடவை அந்த அக்கா பூண்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தீபாவளி அன்று காலையில் இந்த ஊர் பஸ் ஸ்டாண்டைப் பார்த்திருக்கிறீர்களா? வெறிச்சோடிக் கிடக்கும். தேனி பஸ் ஒன்று நின்றது. உள்ளே டிரைவரையும் ஒரு பெரியவரையும் தவிர ஆள் இல்லை. கண்டக்டர் படியில் நின்று, "தாராபுரம், ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு, தேனி... தேனி... தேனி..." என்று கூப்பிடுகிறார். அங்கே நின்றது நாங்கள் நாலு பேர்தான். எங்களைப் பார்த்துத்தான் கூப்பிடுகிறார்.

தம்பி சந்தோஷத்தில் குதித்தான். "அப்பா, பஸ் காலியா இருக்குப்பா!"

அப்பா என்ன சொன்னார் என்பதை அப்புறம் சொல்கிறேன். பஸ் அங்கேயே நிற்கட்டும். ஏனென்றால் எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய அண்ணன், வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு வார்த்தை சொன்னார். நீங்களும் கைதட்டினீர்கள். "சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை கோழி, திங்கட்கிழமை கடன். இப்படி வாழ்கிறவனுக்குத் தேவை காசு இல்லை, மனக்கட்டுப்பாடு" என்றார். அதற்குப் பதில் சொல்லாமல் நான் இந்த மேடையை விட்டு இறங்க மாட்டேன்.

அண்ணா, கோழிக் கணக்கையே பார்த்துவிடுவோமா? என் கையில் இருப்பது அம்மாவின் சிப்ட் நோட்டு. பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். எட்டு மணி நேரம் பார்த்தால் ஒரு சிப்ட், பன்னிரண்டு மணி நேரம் பார்த்தால் ஒன்றரை. அன்றன்றைக்குக் குறித்து வைத்தால்தான் சனிக்கிழமை கணக்குச் சரியாக வரும். 2008 ஆகஸ்டில் அப்பாவின் ஒரு வாரம் இதில் இருக்கிறது: ஆறு நாளும் ஒன்றரை, ஒன்றரை, ஒன்றரை. மொத்தம் ஒன்பது சிப்ட். சிப்டுக்கு 130 ரூபாய். ஆக, வாரம் 1,170. காலை எட்டரைக்கு மிஷினில் உட்கார்ந்தால் ராத்திரிதான் எழுந்திருப்பார். ஓவர்லாக் மிஷின் துணியின் ஓரத்தை வெட்டிக்கொண்டே தைக்கும். வெட்டின பொடியெல்லாம் மூக்கிலும் தொண்டையிலும்தான் போய்ப் படியும். ஆறு நாள் பஞ்சைத் தின்ற தொண்டைக்கு ஏழாம் நாள் ஒரு கோழிக் குழம்பு. அரைக் கிலோ. நாலு பேருக்கு. 45 ரூபாய்.

வருஷத்துக்கு 52 ஞாயிறு. 45 ரூபாய் வீதம் பெருக்கினால் 2,340 ரூபாய். அதாவது என் வாயிலிருந்தும் என் தம்பி வாயிலிருந்தும் ஒரு வருஷம் முழுக்கக் கோழியைப் பிடுங்கினால் மிஞ்சுவது அப்பாவின் இரண்டே வாரச் சம்பளம். அண்ணா, மந்தம் இரண்டு வாரத்திலா முடிந்தது? இதே நோட்டில் செப்டம்பர் கடைசியைப் பாருங்கள். ஒன்று, ஒன்று, அரை. அக்டோபரில் அரை, சைபர், சைபர், அரை. அம்மா பெயருக்கு நேரே சைபர்கூடப் போடவில்லை, கோடு போட்டிருக்கிறாள். ஆர்டர் குறைந்தால் முதலில் நிறுத்துவது செக்கிங் பெண்களைத்தான். இந்தக் கோடு அடுத்த வருஷம் சித்திரை வரைக்கும் போகிறது, நடுவர் அவர்களே. பக்கம் பக்கமாகப் போகிறது. எத்தனை கோழியை மிச்சம் பிடித்தால் இந்தக் கோட்டை அழிக்கலாம்?

அந்தக் கோழியைப் பற்றி இன்னும் ஒன்று. அப்பா ஈரல் சாப்பிட மாட்டார், "எனக்குப் பிடிக்காது" என்பார். ஒரு கோழியில் ஈரல் எவ்வளவு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். எனக்குக் கல்யாணமான பிறகு ஒரு நாள் என் வீட்டில் ஒரு தட்டு நிறைய ஈரல் வறுத்து வைத்தேன். முழுவதையும் சாப்பிட்டார். இந்த மனுஷனைப் பார்த்தா மனக்கட்டுப்பாடு இல்லாதவன் என்கிறீர்கள்?

கைதட்டாதீங்க, எனக்கு நேரம் போகிறது.

சரி, மந்தம் எப்படி வந்தது? அதற்கு முந்தின வருஷமே டாலர் 40 ரூபாய்க்குக் கீழே இறங்கி, டாலரில் சரக்கு விற்கும் ஏற்றுமதிக் கம்பெனிகள் திணறிக்கொண்டிருந்தன. 2008 செப்டம்பர் 15-ஆம் தேதி நியூயார்க்கில் லேமன் பிரதர்ஸ் வங்கி திவால் நோட்டீஸ் கொடுத்தது. வாங்குகிறவன் கை சுருங்கினால் அங்கே கடைக்காரன் ஆர்டரைக் குறைப்பான். ஏற்றுமதிக்காரர் வெளியே தைக்கக் கொடுக்கும் ஜாப் ஒர்க்கைக் குறைப்பார், கான்ட்ராக்டர் ஆளைக் குறைப்பார். சரியாக ஆறே வாரத்தில், தீபாவளிக்கு, அது எங்கள் லைன் வீட்டுக் கடைசி வீட்டுக் கதவைத் தட்டிவிட்டது. போனஸ் பொங்கலுக்கு அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லி, அப்பாவின் கான்ட்ராக்டர் அரை வாரச் சம்பளத்தை மட்டும் கையில் கொடுத்தார்.

இப்போது என் ஒரே கேள்வி இதுதான். லேமன் விழுந்து 18-ஆம் நாள், அக்டோபர் 3-ஆம் தேதி, அமெரிக்க அரசு தன் வங்கிகளைத் தூக்கி நிறுத்த 70,000 கோடி டாலருக்குச் சட்டம் போட்டது. யாராவது அந்த வங்கிகளைப் பார்த்து, "மனத்தெம்போடு இருங்கள், இதுவும் கடந்து போகும்" என்றார்களா? டிசம்பரில் நம் மத்திய அரசு ஜவுளி ஏற்றுமதிக் கடனுக்கு வட்டியில் 2 சதவீதத்தை ஏற்றுக்கொண்டது. நல்ல காரியம், வேண்டிய காரியம். கம்பெனி நின்றால்தான் எங்கள் மிஷின் ஓடும். ஆனால் வங்கிக்கு மந்தம் வந்தால் காசு, முதலாளிக்கு மந்தம் வந்தால் காசு. தொழிலாளிக்கு வந்தால் மட்டும் உபதேசமா? மளிகைக் கடையில் போய், "அண்ணாச்சி, மனசு நல்ல தெம்பா இருக்கு, ஒரு கிலோ துவரம்பருப்பு போடுங்க" என்று கேட்க முடியுமா?

எதிரணித் தலைவர், பேராசிரியர் ஐயா, "கஷ்டத்தைத் தாங்கும் குணம் இந்த ஊர்த் தொழிலாளியின் ரத்தத்தில் இருக்கிறது" என்றார். இருக்கிறது ஐயா, நான் மறுக்கவில்லை. 1984-இல் இதே திருப்பூரில் பனியன் தொழிலாளிகள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நாலு மாதத்துக்கு மேல் கூலி இல்லாமல் நின்றார்கள். அவ்வளவு தெம்பையும் எதற்காகச் செலவழித்தார்கள்? பஞ்சப்படிக்காக. விலைவாசி ஏறினால் கூலியும் ஏற வேண்டும் என்பதற்காக. ஐயா சொல்லும் அந்த மனத்தெம்பே தெருவுக்கு வந்து கைக்காசைத்தான் கேட்டது.

மணி அடித்துவிட்டார்கள். பஸ் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது.

"அப்பா, பஸ் காலியா இருக்குப்பா" என்றான் தம்பி. அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் குனிந்து அவனைத் தூக்கிக்கொண்டு, "இது நம்ம ஊருக்குப் போகாதுப்பா" என்றார்.

எனக்குப் பத்து வயது, நன்றாகப் படிக்கத் தெரியும். பஸ் போர்டில் 'தேனி, வழி வத்தலக்குண்டு' என்று எழுதியிருந்தது. நான் போர்டைப் பார்த்தேன். அம்மா முகத்தைப் பார்த்தேன். அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். நான் தம்பியிடம் சொன்னேன், "ஆமாடா, இது போகாது. வா, வீட்டுக்குப் போய் வெடி வெடிக்கலாம்."

ரொம்ப நாள் கழித்து அம்மாதான் கணக்குச் சொன்னாள். அன்றைக்கு அப்பா சட்டைப் பையில் இருந்தது 210 ரூபாய். இரண்டு முழு டிக்கெட், இரண்டு அரை டிக்கெட், போகவும் வரவும் 270. போகக் காசு இருந்தது, திரும்பி வரக் காசு இல்லை. பாட்டியிடம் போய்ப் பஸ்ஸுக்குக் காசு கேட்க அவருக்கு மனம் வரவில்லை. மூன்று நாளும் பையைத் தூக்கிக்கொண்டு எங்களை எதற்குக் கூட்டிப் போனார்? யாராவது தெரிந்தவர் அங்கே கண்ணில் பட மாட்டாரா, கைமாற்றாக வாங்கிவிட மாட்டோமா என்றுதான். மூன்று நாளும் அவர் தேடியது அந்த 60 ரூபாயை.

பத்து வயசுப் பிள்ளை அப்பாவுக்காகப் பொய் சொன்னதே, அதுதான் மனத்தெம்பு என்று எதிரணி எழுந்து சொல்லலாம். சொல்லுங்கள். ஆனால் ஐயா, அந்தத் தெம்பு எனக்கு அன்றைக்குத் தேவைப்பட்டிருக்கவே கூடாது. 60 ரூபாய் இருந்திருந்தால் நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒட்டன்சத்திரம் வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டே போயிருப்பேன். அடுத்த மாசியில் பாட்டி போய்ச் சேர்ந்தாள். அந்தச் சுங்குடிச் சேலையைத்தான் மேலே போர்த்தினோம்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு வரியை 50 சதவீதமாக ஏற்றியபோது, இந்த ஊரில் எத்தனை வீட்டு சிப்ட் நோட்டில் மறுபடியும் அரை, சைபர் எழுதினார்களோ. அந்த வீட்டுப் பிள்ளைகள் யாராவது இந்தத் திடலில் உட்கார்ந்திருந்தால், உங்களுக்காகவும்தான் நான் பேசுகிறேன் கண்ணுகளா.

நடுவர் அவர்களே, தீர்ப்பு உங்கள் கையில். ஒரு நிமிஷம் மட்டும் கொடுங்கள். என் அப்பா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இதை நான் அவரிடம் இதுவரைக்கும் சொன்னதில்லை.

அப்பா, அந்த போர்டை நான் படிச்சிட்டேன்ப்பா. அன்னைக்கே படிச்சிட்டேன்.

நன்றி, வணக்கம்.