மஞ்சளைத் தேடிய ஒரு மாதம்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், அன்று ரப்பர்ப் பால் மரங்களும் இன்று பெரும்பாலும் செம்பனையுமாக இருக்கும் தோட்டப்புறத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். புகைப்படக் கலையை முறையாகக் கற்றவன் அல்லன். மகள் வாங்கித் தந்த கைப்பேசியை வைத்துக்கொண்டு, ஒரு மாதம் முழுவதும் மஞ்சளை மட்டுமே படம் பிடிப்பது என்று எனக்கு நானே போட்டுக்கொண்ட வேலையைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

முதல் மூன்று நாள் எளிதாகக் கழிந்தது. கடைத்தெரு ஓரத்து இரட்டைக் கோடு, பள்ளிப் பேருந்து, மழைக்குப் பின் தார்ச்சாலையில் ஒட்டிக் கிடந்த பெருங்கொன்றைப் பூக்கள். நான்காம் நாள் சலித்துவிட்டது. அந்தச் சலிப்புக்குப் பிறகுதான், பேருந்தின் மஞ்சள் ஆரஞ்சின் பக்கம் சாய்ந்தது என்பதும், உதிர்ந்த பூவின் மஞ்சள் ஓரத்திலிருந்து பழுப்பேறுகிறது என்பதும் கண்ணில் பட்டன.

அடுத்த வீட்டு அக்கா வெள்ளிக்கிழமை தோறும் தம் தாலிக் கயிற்றுக்கு மஞ்சள் பூசுவார். அனுமதி கேட்டு, அவர் வீட்டு அடுப்படியில் நின்று எடுத்தேன். நேரில் பளீரென்று இருந்த கயிறு, படத்தில் வெளுத்த நூலாக வந்தது. கைப்பேசிக்கு மஞ்சள் என்ற நிறமே தெரியாது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற நிற வடிகட்டி அமைப்பையே பெரும்பாலான படக்கருவிகள் பின்பற்றுகின்றன. அதில் பாதிக் கட்டங்கள் பச்சைக்கு, கால் பங்கு சிவப்புக்கு, கால் பங்கு நீலத்துக்கு. சிவப்பும் பச்சையும் சேர்ந்துதான் மஞ்சள். நம் கண்ணிலும் மஞ்சளுக்கென்று தனி உணர்வணு இல்லை. இருண்ட அடுப்படியையும் அக்காவின் கருநீலச் சேலையையும் பார்த்த கருவி, வெளிச்சம் போதவில்லை என்று எண்ணிக் கூட்டிவிட்டது. சிவப்பும் பச்சையும் நிரம்பி வழிய, நீலமும் கூடவே ஏறி, மஞ்சள் வெளுத்துப்போயிற்று.

அது அக்டோபர் மாதம். ஈப்போவில் சீனர்களின் ஒன்பது பேரரசர் தெய்வ விழாவுக்கு மஞ்சள் கொடிகள் ஏறியிருந்தன; மூங்கில் கம்பத்தில் ஒன்பது விளக்குகள் தொங்கின. பெரும்பாலான ஆண்டுகளில் அந்த விழாவும் நம் நவராத்திரியும் ஒரே அமாவாசையை ஒட்டித்தான் தொடங்குகின்றன. இத்தனை ஆண்டுகள் பக்கத்திலேயே வாழ்ந்தும் நான் அதைக் கவனித்ததில்லை என்பது எனக்குச் சற்று வெட்கமாகவே இருந்தது. மலாய் அரச மரபிலோ மஞ்சள் அரசருக்குரியது. பழைய மலாக்காச் சட்டம் சாமானியர் மஞ்சள் உடுத்துவதைத் தடுத்திருந்தது. ஆனால் நம் பேராக் கொடியில் வெள்ளைதான் சுல்தானுக்கு, மஞ்சள் பட்டத்து இளவரசரான ராஜா மூடாவுக்கு, கறுப்பு அவருக்கு அடுத்த வாரிசான ராஜா டி ஹிலிருக்கு. கோலகங்சாரில் பறந்த அந்தக் கொடியைப் படம் எடுத்தபோது, நடுப்பட்டை மட்டும் காற்றில் மடிந்து மறைந்துகொண்டே இருந்தது.

மாதக் கடைசியில் அக்காவை மறுபடியும் கேட்டேன். இம்முறை கடை வரிசையின் கூரையிட்ட நடைபாதையான அஞ்சடியின் நிழலில் நிற்கச் சொல்லி, திரையில் கயிற்றின் மேல் விரலை வைத்து, வெளிச்சத்தைக் கீழே இழுத்துக் குறைத்தேன். நிறம் அப்படியே விழுந்தது: முடிச்சருகே பழைய மஞ்சள் கறுத்து, மேலே புதிய மஞ்சள் துகளாக ஒட்டியிருந்தது. படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். அக்கா நிறத்தைப் பார்க்கவே இல்லை.

“ஐயையோ தம்பி, முடிச்சு நைஞ்சு போயிருக்கே! இது வரைக்கும் எனக்குத் தெரியவே இல்லையே” என்று சொல்லிவிட்டுப் புதுக் கயிறு தேட உள்ளே போய்விட்டார்.