ஸ்லைடில் அசையும் படம்: எப்போது வைக்கலாம், எப்படி வைப்பது

[திரையில்: சந்திரிகையில் (புழு கூடு கட்டுவதற்கான மூங்கில் தட்டில்) ஏறிய ஒரு பட்டுப்புழு. தலை மட்டும் ஆடிக்கொண்டே இருக்கிறது.]

வணக்கம். இந்தப் புழுவின் தலையைக் கொஞ்ச நேரம் பாருங்கள். இந்தப் பக்கம் ஒரு வளைவு, அந்தப் பக்கம் ஒரு வளைவு. எட்டு எழுதுகிறது. இப்படி எட்டு எட்டாகப் போட்டுத்தான் சுமார் 3 நாளில் கூட்டைக் கட்டி முடிக்கிறது. ஒரு கூட்டில் இருப்பது ஒரே இழை. பிரித்து நீட்டினால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் வரும்.

தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம் பக்கம் புதிதாகப் புழு வளர்க்க வந்தவர்களுக்கு நான் ஒரு வகுப்பு எடுத்தேன். "கூடு கட்டும்போது சந்திரிகையை அசைக்காதீர்கள்" என்று ஸ்லைடில் பெரிய எழுத்தில் போட்டிருந்தேன். எல்லாரும் தலையாட்டினார்கள். அடுத்த ஸ்லைடில் இந்த 3 நொடிப் படம் ஓடியது. முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா கேட்டார்: "அப்போ நாம தூக்கி வச்சா எட்டு பாதியிலயே நின்னுடுமா சார்?" அந்தக் கேள்வியை என் பெரிய எழுத்து வரவழைக்கவில்லை, இந்தப் படம் வரவழைத்தது.

அதனால்தான் இந்த வீடியோ. ஸ்லைடில் அசையும் படம், அதாவது ஜிஃப், எப்படிச் சேர்ப்பது என்று பார்க்கலாம். அதற்கு முன்னால், எங்கே சேர்ப்பது என்று பார்த்துவிடலாம். அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

[திரையில்: ஒகேனக்கல். இடது பக்கம் அருவி, வலது பக்கம் பரிசல்.]

நம் மாவட்டத்தில் எந்த ஸ்லைடைத் திறந்தாலும் முதல் பக்கத்தில் ஒகேனக்கல் இருக்கும். இருக்கட்டும், நம்ம ஊர் பெருமை. ஆனால் தலைப்புக்குப் பின்னால் அருவி விழுந்துகொண்டே இருந்தால் எழுத்தைப் படிக்க முடியாது. நீர் விழுகிறது என்பது யாருக்கும் தெரியாத செய்தியும் இல்லை. அங்கே ஒரு நல்ல போட்டோ போதும்.

பரிசல் வேறு. வட்டமான படகுக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. ஒரே பக்கமாகத் துடுப்பு போட்டால் சுழலத்தான் செய்யும். அதை ஓட்டுபவர் எப்படி நேராகக் கொண்டுபோகிறார்? பத்து வரி எழுதினாலும் புரியாது, துடுப்பு 4 முறை விழுவதைக் காட்டினால் புரிந்துவிடும். அசைவே பாடமாக இருக்கிற இடத்தில், அதுவும் திரும்பத் திரும்ப நடக்கிற அசைவாக இருந்தால், ஜிஃப் வையுங்கள். கிருஷ்ணகிரி மாங்காய் விலைப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒரு மாம்பழம் ஆடிக்கொண்டிருந்தால் கண் அங்கேதான் போகும், விலைக்குப் போகாது.

சரி, ஜிஃப் என்றால் என்ன? 1987இல் கம்ப்யூசர்வ் நிறுவனத்தில் ஸ்டீவ் வில்ஹைட் குழு உருவாக்கிய பட வகை இது. ஒரே கோப்புக்குள் பல படங்கள் அடுக்கியிருக்கும், ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒவ்வொரு படமும் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை நொடியின் நூறில் ஒரு பங்கு கணக்கில் அந்தக் கோப்பே வைத்திருக்கும். ஒரு படத்தில் 256 நிறம்தான். ஒலி கிடையாது. வீடியோவைப்போல அசைவை மட்டும் சுருக்கிச் சேமிக்கும் வித்தையும் இதற்குத் தெரியாது. அதனால் நீளம் கூடக்கூடக் கோப்பு வேகமாகப் பெருத்துவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

[திரையில்: பவர்பாயின்ட்.]

சேர்ப்பது எளிது. பவர்பாயின்ட்டில் இன்சர்ட், பிக்சர்ஸ், திஸ் டிவைஸ். ஜிஃப் கோப்பைத் தேர்ந்தெடுங்கள், வந்துவிடும். சாதாரணப் படத்தைப் போலத்தான். பல பதிப்புகளில் வேலை செய்யும் திரையில் அது அசையாமல் நிற்கும். பயப்படாதீர்கள். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு எஃப் 5 அழுத்தினால் அந்த ஸ்லைடு முழுத்திரையில் ஓடும், அங்கே அசையும். அனிமேஷன்ஸ் பட்டியலில் போய் எதுவும் சேர்க்க வேண்டாம், அது வேறு வேலைக்கு. கூகுள் ஸ்லைட்ஸ் என்றால் இன்சர்ட், இமேஜ், அப்லோடு ஃப்ரம் கம்ப்யூட்டர். லிப்ரே ஆஃபிஸ் இம்ப்ரெஸில் இன்சர்ட், இமேஜ்.

முழுத்திரையிலும் அசையவில்லையா? பெரும்பாலும் கோப்பு ஜிஃப்பாகவே இருக்காது. வாட்ஸ்அப்பில் வந்த ஜிஃப்பைச் சேமித்தால் கையில் கிடைப்பது எம்பி4 வீடியோ. அங்கே ஜிஃப் வீடியோவாக மாற்றித்தான் அனுப்பப்படுகிறது. நண்பரிடம் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். இணையத்தில் பார்த்த படத்தை காப்பி செய்து பேஸ்ட் செய்தாலும் பல நேரம் ஒரே ஒரு படம்தான் ஒட்டும், கோப்பாகச் சேமித்துத்தான் சேர்க்க வேண்டும்.

[திரையில்: போனில் புழுவைப் படமெடுக்கும் கை.]

ஆனால் இணையத்தில் தேடுவதைவிட நீங்களே எடுங்கள் என்றுதான் சொல்வேன். யாருடைய படம், அனுமதி உண்டா என்ற கவலை இல்லை. அதைவிட, பார்ப்பவருக்கு அது தன் சொந்தப் புழு வளர்ப்பு மனைபோலத் தெரியும். போனை ஒரு செங்கல்லில் சாய்த்து வைத்து எடுங்கள். கை ஆடினால் புழு ஆடுகிறதா கை ஆடுகிறதா என்றே தெரியாது. கை ஆட்டத்தில் படம் முழுவதும் மாறுவதால் கோப்பும் பெருக்கும்.

எடுத்த வீடியோவில் 3 நொடி மட்டும் வெட்டுங்கள். ezgif.com (ஈ-இஸட்-ஜிஃப்) தளத்தில் வீடியோ டு ஜிஃப் என்று இருக்கும். அதில் ஏற்றி, அகலம் 480 பிக்சல், நொடிக்கு 10 படம் என்று கொடுங்கள். வகுப்பறைத் திரையில் பாதி அளவு இடத்துக்கு இது போதும். எங்கே வெட்டுவது என்பதில் கொஞ்சம் பொறுமை வேண்டும். புழுவின் தலை எந்த இடத்தில் தொடங்கியதோ அதே இடத்துக்குத் திரும்பும்போது வெட்டினால் சுற்று ஒட்டுத் தெரியாமல் ஓடும். நான் இந்த ஒரு படத்துக்கு 6 முறை வெட்டிப் பார்த்தேன். ஒட்டில் ஒரு குதிப்பு இருந்தால் பார்ப்பவர் கண் ஒவ்வொரு சுற்றிலும் அங்கேயே இடறும், எட்டைப் பார்க்காது.

பத்து நொடிக்கு மேல் வேண்டுமென்றால் ஜிஃப்பை விட்டுவிடுங்கள். முன்னால் சொன்ன அந்தப் பெருக்கம்தான் காரணம். எம்பி4ஆகவே இன்சர்ட், வீடியோ வழியாகச் சேர்த்து, பிளேபேக் பட்டியலில் ஸ்டார்ட் என்பதை ஆட்டோமேட்டிக்கலி என்று மாற்றி, லூப் அன்டில் ஸ்டாப்டு என்பதில் டிக் போடுங்கள். பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது, கோப்பும் சிறிதாக இருக்கும்.

அப்புறம், ஒரு முறை எனக்கு நடந்தது. ஒரு கூட்டத்துக்கு ஸ்லைடுகளை பிடிஎஃப் ஆக்கி அனுப்பிவிட்டேன். அங்கே திரையில் புழு அசையவில்லை. முதல் படம் மட்டும், அதுவும் தலை பாதி மறைந்து, மங்கலாக. பிடிஎஃப் ஆக்கினாலும் அச்சடித்தாலும் ஜிஃப் ஒற்றைப் படமாக உறைந்துவிடும். அன்றிலிருந்து முதல் படத்தைத் தெளிவாக வைக்கிறேன், அது தனியாக நின்றாலும் ஏதாவது சொல்ல வேண்டும். இழை தெரிய, தலை ஒரு பக்கம் வளைந்த படம். பக்கத்தில் ஒரு எட்டை வரைந்தும் வைக்கிறேன்.

ஓடிக்கொண்டே இருக்கும் படம் நீங்கள் பேசும்போதும் கண்ணை இழுக்கும். ஆகவே படம் ஓடும்போது நான் வாயைத் திறப்பதில்லை. நாலைந்து சுற்று பார்க்கட்டும். பிறகு கீபோர்டில் ஆங்கில B எழுத்தை அழுத்தினால் திரை கறுப்பாகும், எல்லாரும் உங்களைப் பார்ப்பார்கள். மறுபடி B அழுத்தினால் படம் வரும். ஒரு ஸ்லைடில் ஒரு ஜிஃப்தான், இரண்டு வேண்டாம். வேகமாகப் பளிச் பளிச்சென்று மின்னும் படத்தை வைக்கவே வேண்டாம். நொடிக்கு 3 முறைக்கு மேல் மின்னினால் சிலருக்கு வலிப்பு வரக்கூடும், இணையப் பக்கங்களை எல்லாரும் பயன்படுத்துவதற்கான அணுகல் விதிகளும் அந்த எல்லையைத்தான் சொல்கின்றன. பார்வை இல்லாதவர்களுக்காகப் படத்தில் ரைட் கிளிக் செய்து ஆல்ட் டெக்ஸ்டில் ஒரு வரி எழுதிவிடுங்கள்: "பட்டுப்புழு தலையை எட்டு வடிவில் அசைத்து இழை விடுகிறது."

[திரையில்: புழு மறுபடி. பேச்சு இல்லை. 5 சுற்று.]